பாடத்தெரிவும் மனப்பாங்கும்: யாழ்ப்பாணக் கல்வி வரலாறு காட்டும் சில உண்மைகள்

யாழ்ப்பாணத்து மாணவருக்குக் கணிதமும் விஞ்ஞானமும் இயல்பாகவே கைவரும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கருத்து. பெற்றோர் இதனைப் பெருமையாகச் சொல்வர். ஆசிரியர் வகுப்பறையிலே ஊக்கமொழியாகச் சொல்வர். 1970 ஆம் ஆண்டளவில், பல்கலைக்கழக அனுமதி பற்றிய வாக்குவாதம் முற்றியபோது, இதே கருத்து ஐயத்தின் குரலிலும் ஒலித்தது. சிறியதொரு நிலப்பகுதியைச் சேர்ந்தோர் பொறியியற் பீடத்திலும் மருத்துவ பீடத்திலும் இத்துணை இடங்களைப் பெறுவது எவ்வாறு என்று வினவியவர்கள், தமிழ்ப் பரீட்சகர் புள்ளிகளை வாரி வழங்கினர் என்ற குற்றச்சாட்டு வரை சென்றனர். விசாரணையில் அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரம் காணப்படவில்லை. எனினும், பெருமை பேசியோரும் ஐயுற்றோரும் ஒரு விடயத்திலே தம்மையறியாமல் ஒன்றுபட்டிருந்தனர். குறித்த சில பாடங்களை ஒரு சமூகம் விரும்புவதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இரு சாராரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு பாடத்தின்மீது மாணவன் கொள்ளும் மனப்பாங்கு அவனுடைய பாடத்தெரிவைப் பெரிதும் வழிநடத்துகின்றது என்பது கல்வி உளவியலாளர் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் முடிபாகும். மனப்பாங்கை அளக்கமுடியும் என்று அமெரிக்க உளவியலாளர் தேர்ஸ்ற்றன் 1928 இல் வாதிட்டதும், லிக்கேட் 1932 இல் அதற்கு எளியதோர் அளவுகோலை அமைத்துக் கொடுத்ததும் இத்துறை ஆய்வுகளுக்கு வழிதிறந்தன. இப்பாடம் மகிழ்ச்சி தருகின்றதா, கடினமானதா, பிற்காலத்திற் பயன்படுமா என்பன போன்ற கூற்றுக்களை வினாக்கொத்தாக அமைத்து, அவற்றுக்கு மாணவர் எவ்வளவு தூரம் உடன்படுகின்றனர் என்று கணிப்பதே இவ்வாய்வுகளின் முறை. இவை ஒரு வகுப்பு ஒரு நாளில் இருந்த நிலையைக் காட்டவல்லன. பேரன் பௌதிகத்தையும், தந்தை கணக்கியலையும், பாட்டன் இலத்தீனையும் ஏன் நாடினர் என்ற வினாவுக்கு விடை வேண்டுமாயின், வினாக்கொத்தை விட்டு வரலாற்றின் பக்கம் திரும்பவேண்டியுள்ளது.

பழைய திண்ணைப் பள்ளிகளிலே பாடத்தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அரிச்சுவடி, எண்சுவடி, நீதிநூல்கள், நிகண்டு என்ற ஒழுங்கு யாவர்க்கும் ஒன்றாகவே இருந்தது. அதற்கு அப்பாற்பட்ட சோதிடமும் வைத்தியமும் குடும்ப வழியாகவோ குருவின் வழியாகவோ வந்தன. ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றை நாடும் நிலை தோன்றுவதற்கு, வெவ்வேறு பாடங்கள் வெவ்வேறு வாழ்க்கைகளுக்கு இட்டுச்செல்லும் என்ற அறிவு முதலிலே தோன்றவேண்டும். அவ்வறிவு யாழ்ப்பாணத்திலே தெளிவாகத் தோன்றிய இடம் வட்டுக்கோட்டை எனலாம்.

அமெரிக்க மிசனரிமார் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, அக்கால இலங்கையில் உயர்கல்விக்கு அமைந்த மிகச் சிறந்த நிலையங்களுள் ஒன்று. தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகிய மொழிகளோடு கணிதமும் வானியலும் இயற்கைத் தத்துவமும் அங்கே கற்பிக்கப்பட்டன. விஞ்ஞானத்தைக் கற்பித்ததில் மிசனரிமாரின் நோக்கம் சமயஞ் சார்ந்தது. பஞ்சாங்கத்தின் செல்வாக்கு உடைந்தால் அதனோடு பிணைந்த நம்பிக்கைகளும் உடையும் என்று அதிபர் தானியேல் பூர் கருதினார். 1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றி அராலியைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் இடையே எழுந்த வேறுபாடு ஊரறிந்த ஒரு போட்டியாகவே நடந்தேறியது. செமினரியின் கணிப்புச் சரியாயிற்று. பூருக்குப்பின் அதிபரான ஹொய்சிங்டன் காலத்தில் விஞ்ஞானப் பாடங்கள் மேலும் வலுப்பெற்றன.

ஆனால் மாணவர் மனத்திலே நிகழ்ந்தது வேறு. கிரகணப் போட்டியிலே சாஸ்திரியார் தோற்றதைக் கண்டவர்கள் சைவத்தைக் கைவிடவில்லை; கணிதத்தின் வலிமையை மட்டும் கண்டுகொண்டனர். மிசனரிமார் ஒரு காரணத்துக்காகக் கற்பித்த பாடத்தை மாணவர் வேறொரு காரணத்துக்காகக் கற்றனர். 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப்பின் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலம் திறவுகோலாயிற்று. நில அளவை, பொதுவேலை, நீதிமன்றம், கச்சேரி ஆகிய இடங்களிலே கணக்கும் ஆங்கிலமும் அறிந்த இளைஞருக்குத் தேவை இருந்தது. 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழுவினர், அண்டர்சன் தலைமையிலே நிலைமையை ஆராய்ந்தபோது, செமினரி போதகர்களைவிட உத்தியோகத்தரையே மிகுதியாக உருவாக்குகின்றது என்று கண்டு மனம் வருந்தினர். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. கற்பித்தோர் நோக்கம் நிறைவேறாமையாலே மூடப்பட்ட அந்நிலையம், கற்றோர் நோக்கில் முழுவெற்றி பெற்றதாகும். 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் உருவானவர்கள். முன்னவர் தமிழிலே பீசகணித நூல் எழுதியவர்; பின்னவர் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தவர். கணிதமும் தமிழும் அக்காலத்தில் ஒரே கூரையின்கீழ்ப் பகையின்றி வாழ்ந்தன என்பதை இவ்விருவரும் நினைவூட்டுகின்றனர்.

மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேற்கொண்ட முயற்சியும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டுப் போய்விடுகின்றனர் என்று கண்ட கிறீன், 1860 களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார்; உடற்கூறு, சத்திரவைத்தியம் முதலிய துறைகளிலே தமிழ் நூல்களையும் வெளியிட்டார். தமிழில் மருத்துவம் முடியும் என்பதற்கு இன்றும் இம்முயற்சியே சான்றாகக் காட்டப்படுகின்றது. ஆயின் அதன் உள்நோக்கத்தைப் பேசுவோர் குறைவு. பாடம் மாறவில்லை; அப்பாடம் இட்டுச்செல்லும் வழியை அடைப்பதற்காக மொழி மாற்றப்பட்டது. மாணவனின் விருப்பம் பாடத்தின்மீதா, பாடத்துக்கு அப்பாலுள்ள வாழ்வின்மீதா என்பதைக் கிறீன் நன்கு அறிந்திருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாடங்களின் மதிப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் பரீட்சையின் கைக்குச் சென்றது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படி பணம் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிலே எத்தனை பிள்ளைகள் சித்தியடைகின்றனர் என்று பரிசோதகர் கணித்து அதற்கேற்ப நன்கொடை வழங்கினார். நன்கொடை தராத பாடத்துக்கு முகாமையாளர் நேரம் ஒதுக்கமாட்டார். ஆசிரியர் ஆர்வம் காட்டமாட்டார். ஆசிரியர் ஆர்வம் காட்டாத பாடத்தை மாணவன் மதிக்கமாட்டான். ஒரு பாடத்தை வெறுக்குமாறு எவரும் போதிக்கவில்லை. கணக்கேடு போதித்தது.

1880 இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. இலண்டன் மற்றிக்குலேசனும் தொடர்ந்தது. இலத்தீனும் ஆங்கில இலக்கியமும் இங்கிலாந்து வரலாறும் உயர்ந்த ஆங்கிலப் பாடசாலைகளின் அடையாளமாயின. வீட்டிலே தேவாரம் ஓதிய பிள்ளை பாடசாலையிலே இலத்தீன் வினைச்சொற்களை உருப்போட்டான். தமிழைப் பரீட்சைப் பாடமாக எடுப்பது தாழ்வென்று கருதப்பட்ட காலம் அது. வண்ணார்பண்ணையில் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரும், சைவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை உணர்ந்து 1872 இல் ஆங்கிலப் பாடசாலையொன்றைத் தொடங்க நேர்ந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. சைவ பரிபாலன சபையின் முயற்சியால் 1890 இல் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரி நிலைத்தது. சமயம் வேறுபட்டபோதும், மிசன் கல்லூரிகளிலும் இந்துக் கல்லூரிகளிலும் நேரசூசி பெரிதும் ஒன்றாகவே இருந்தமை கவனிக்கவேண்டியதாகும். பிள்ளைகளை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது என்பதைச் சமயம் தீர்மானித்தது. எந்தப் பாடத்தைக் கற்பது என்பதைப் பரீட்சை தீர்மானித்தது.

இதற்கு நிலத்தின் தன்மையும் துணைநின்றது. ஆறில்லாத ஊர், கிணற்று நீரை நம்பிய தோட்டம், சகோதரர் பலருக்குப் பங்கிட்டால் பரப்புக் கணக்கிலே சுருங்கிவிடும் காணி. புகையிலை ஒருசிலரை வாழ்வித்தது. ஏனையோர்க்கு உத்தியோகமே காணியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் இலிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் சேர்ந்தனர். அங்கிருந்து வந்த காசுக்கட்டளைகளினாற் கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் புதுக்கப்பட்டன, சீதனத் தொகைகள் உயர்ந்தன. ஆங்கிலமும் கணக்கும் அறிந்தவன் மணச் சந்தையிலே பெற்ற மதிப்பைக் கண்ட தம்பிமார், அப்பாடங்களின்மீது கொண்ட மனப்பாங்கை அளக்க எந்த வினாக்கொத்தும் தேவையில்லை.

இவ்வோட்டத்துக்கு மாறாகச் சென்றவர்களும் உளர். காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் விஞ்ஞானத்திலே டிப்ளோமா பெற்று, யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறியவர். விபுலானந்த அடிகளாகத் துறவு பூண்ட அவரே 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் வெளிவந்த அவரது யாழ்நூலிலே பழந்தமிழிசையின் நரம்புகள் கணித விகிதங்களாக ஆராயப்படுகின்றன. விஞ்ஞானமா தமிழா என்று பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தும் பிற்கால ஒழுங்கிலே இத்தகைய ஒருவர் உருவாகியிருப்பாரா என்பது ஐயத்துக்குரியதே.

மாணவரின் நாட்டத்தைப் பாடத்திட்டத்தினாலே திருப்பிவிடலாம் என்ற எண்ணம் இலங்கையில் முதன்முதலாகப் பரந்த அளவிற் செயற்பட்டது 1930 களிலாகும். கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸையிலே தொடங்கிப் பரவிய கிராமியக் கல்வித் திட்டம், சுயமொழிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விவசாயமும் கைப்பணியும் சுகாதாரமும் கிராம வாழ்வோடு ஒட்டிய கல்வியும் தரமுயன்றது. கொள்கையளவிற் குறைசொல்ல அதிலே யாதுமில்லை. ஆனால் பட்டினத்து ஆங்கிலப் பாடசாலையிலே பயிலும் பிள்ளை மண்வெட்டி பிடிக்கவில்லை என்பதைக் கிராமத்துத் தகப்பன் கண்டான். தன் பிள்ளையைக் கிராமத்திலேயே கட்டிவைக்கும் சூழ்ச்சியாக அவனுக்கு அது தோன்றியதில் வியப்பில்லை. பத்தாண்டுகளுக்குள் அத்திட்டம் தளர்ந்தது. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் வெளியிட்ட அறிக்கை, இலவசக் கல்வியோடு, பிள்ளைகளை அவரவர் ஆற்றலுக்கேற்ப வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பும் ஆலோசனையையும் கூறியிருந்தது. மக்கள் இலவசக் கல்வியை இரு கையாலும் ஏற்றனர். பிரித்தனுப்பும் ஆலோசனை ஏட்டளவில் நின்றது. அவர்கள் வேண்டியது மத்திய மகாவித்தியாலயத்தின் ஆங்கிலமும் இரசாயனமுமேயன்றிச் செயன்முறைப் பாடசாலையன்று.

ஆபிரிக்காவிற் கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரர் என்பவர் 1965 இல் இதே உண்மையைக் கோட்பாடாக வகுத்தார். ஏட்டுக்கல்வி எனப் பழிக்கப்படும் கல்வியே அந்நாட்டு மாணவருக்கு உண்மையான தொழிற்கல்வியாக இருந்தது. ஏனெனிற் சம்பளமும் மதிப்பும் உள்ள தொழில்களுக்கு அதுவே வழி. சம்பள ஒழுங்கை மாற்றாது பாடத்திட்டத்தை மட்டும் மாற்றுவதாற் பயனில்லை என்பது அவரது வாதம். ஹந்தெஸ்ஸையின் அனுபவம் இதற்கு முப்பது ஆண்டு முந்தியது.

1942 இல் 904 மாணவருடன் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1950 இற் பொறியியற் பீடத்தையும் பெற்றது. சுயமொழி மூலம் கலைத்துறை மாணவர் 1960 அளவில் பல்கலைக்கழகத்தினுட் புகத்தொடங்கினர். 1959 இல் வித்தியோதய, வித்தியாலங்கார பல்கலைக்கழகங்களும் தோன்றவே கலைமாணவர் தொகை பெருகியது. இப்பெருக்கத்தைக் கிராமப்புற மாணவரின் கலைவிருப்பமாக விளக்குவது பொருந்தாது. விஞ்ஞானம் கற்பிக்க ஆய்வுகூடம் வேண்டும். வாயு, நீர், கண்ணாடிக் கலங்கள், இரசாயனப் பொருள்கள் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் வேண்டும். கலைப்பாடங்களுக்குக் கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் போதும். தென்னிலங்கையின் கிராமங்களிலே புதிதாகத் திறந்த மகாவித்தியாலயங்கள் பலவற்றுக்கு இயன்றது அவ்வளவே. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளுக்கோ மிசன் காலத்திலிருந்தே அமைந்த ஆய்வுகூடங்களும், இந்தியாவிலும் இலண்டன் வெளிவாரிப் பரீட்சையிலும் பட்டம் பெற்ற ஆசிரியர் பரம்பரையும் இருந்தன. மேலும், 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப்பின் இலிகிதர் சேவையின் கதவு தமிழருக்குக் குறுகிவந்தது. சிங்களத் தேர்ச்சியைப் பெரிதும் வேண்டாத தொழில்களாக எஞ்சியவை பொறியியலும் மருத்துவமும் போன்றவையே. பாட்டனின் கணக்குப் பேரனின் தூய கணிதமாகவும் பிரயோக கணிதமாகவும் மாறியது இவ்வாறுதான். 1969 அளவிற் பொறியியல், மருத்துவ பீடங்களின் இடங்களில் ஏறத்தாழ அரைவாசி தமிழ் மாணவருக்குக் கிடைத்தமையை விளங்கிக்கொள்ள இயல்பான கணிதமூளை என்ற கற்பனை வேண்டியதில்லை.

1971 ஏப்பிரலில் வேலையற்ற கிராமத்து இளைஞரின் கிளர்ச்சி நாட்டை உலுக்கியது. அவ்வாண்டு டட்லி சீயேர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் குழு, படித்தோர் எதிர்பார்க்கும் தொழிலுக்கும் நாட்டிலுள்ள தொழிலுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையை எடுத்துரைத்தது. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் இச்சூழலிலே பிறந்தது. கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத் காலத்தில் வந்த அச்சீர்திருத்தத்தின்படி, ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை யாவர்க்கும் ஒரே பாடத்திட்டம். கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாயின. பதினான்கு வயதிலேயே ஒரு பிள்ளையைக் கலைப்பிள்ளை, விஞ்ஞானப்பிள்ளை என்று பிரித்த வழக்கத்துக்கு எதிராக எடுக்கப்பட்ட துணிவான நடவடிக்கை அது. அதற்குரிய பாராட்டு இன்றுவரை அதற்குக் கிடைக்கவில்லை.

அத்திட்டத்திலே தொழில்முன்னிலைப் பாடங்களும் இடம்பெற்றன. அந்தந்தப் பிரதேசத்துத் தொழிலைப் பிள்ளைகள் பாடமாகக் கற்கவேண்டும் என்பது அதன் எண்ணம். மீன்பிடியூரில் மீன்பிடி, களிமண் உள்ள ஊரில் மட்பாண்டம் என்றவாறு பாடங்கள் வகுக்கப்பட்டன. பெற்றோரின் வரவேற்பு மந்தமாகவே இருந்தது. மீனவர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பியது வலை பொத்தக் கற்பதற்கன்று. மேலும், சாதியோடு தொழில் பிணைந்திருந்த சமூகத்தில், பரம்பரைத் தொழிலைப் பாடசாலையும் போதிக்கத் தொடங்கினால், எந்தச் சிறையிலிருந்து விடுபடக் கல்வியை நாடினார்களோ அதே சிறைக்குள் மீண்டும் தள்ளப்படுவதாகவே ஒடுக்கப்பட்டோர் அஞ்சினர். இவ்வச்சம் நியாயமானது. பரீட்சைத் தொற்றைப் பற்றி 1976 இல் நூலெழுதிய றொனால்ட் டோர், இலங்கையையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு, பிந்தி வளர்ச்சியடையும் நாடுகளிலே சான்றிதழ் வேட்டை மேலும் கடுமையாகும் என்று வாதிட்டார். 1977 இல் ஆட்சி மாறவே தொழில்முன்னிலைப் பாடங்கள் கைவிடப்பட்டன, க.பொ.த. சாதாரண தரம் மீண்டும் வந்தது.

இதே காலத்தில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல் மாணவர் மனத்திலே பதித்த வடு இன்னும் ஆழமானது. 1970/71 கல்வியாண்டுக்கான அனுமதியில், மருத்துவத்துக்குச் சிங்களமொழி மாணவர் 229 புள்ளியும் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. பொறியியலுக்கு முறையே 227, 250. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டப் பங்கீடும் தொடர்ந்தன. நாட்டின் சனத்தொகையில் ஐந்தரை வீதமளவு கொண்ட யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இதன் விளைவு பாரதூரமானது. வாய்ப்பு அருகியவிடத்து விருப்பமும் அருகவேண்டும் என்று எதிர்பார்க்கலாம். நிகழ்ந்தது நேர்மாறு. தடை எழுப்பப்பட்ட பாடங்கள் மேலும் ஒளிபெற்றன. இரண்டாந்தடவை, மூன்றாந்தடவை பரீட்சை எழுதுவோர் பெருகினர். தனியார் கல்வி நிலையங்கள் பெருகின. கணிதம் தனிமனிதனின் முன்னேற்றத்துக்குரிய பாடமாக இருந்த நிலைமாறி, இனத்தின் மானத்துக்குரிய பாடமாயிற்று. பாடத்திலே சித்தியடையாத இளைஞன் தன் தோல்வியை அரசின் அநீதியாகக் கண்டான். சிலவிடத்து அது உண்மையாகவும் இருந்தது. எழுபதுகளின் இளைஞர் அரசியலை எழுதுவோர் இப்பரீட்சை மண்டபத்தைத் தாண்டிச் செல்லவியலாது.

யாழ்ப்பாணத்தை மட்டும் நோக்கி எழுதப்படும் தமிழர் கல்வி வரலாற்றில் ஒரு பெரும் மறைப்பு உண்டு. மாவட்டப் பங்கீடு வன்னியிலும் கிழக்கிலுமிருந்து சிலருக்கு முதன்முறையாக விஞ்ஞான பீடங்களின் வாயிலைத் திறந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் விருப்பத்தோடு பேசுவதில்லை. மலையகத்திலோ, தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970 களிலேதான். பௌதிகம் என்ற சொல்லையே கேளாத பிள்ளைக்குப் பௌதிகத்தின்மீது எத்தகைய மனப்பாங்கு இருக்கவியலும்? பெண்பிள்ளைகளின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 இலேயே பெண்களை அனுமதித்தது. மகளிர் பாடசாலைகளில் உயிரியல் வேரூன்றியதற்கு மருத்துவத் தொழிலின் மதிப்பு ஒரு காரணம். பிரயோக கணிதத்துக்கு அங்கு ஆசிரியர் கிடைப்பது நெடுங்காலம் அரிதாக இருந்தது. ஆசிரியர் இல்லாமையைப் பெண்களுக்குக் கணிதம் ஒவ்வாமை என்று பெயரிட்டு அழைத்தோர் பலர்.

வாய்ப்பிலிருந்து பிறந்த மனப்பாங்கு, பிறந்தபின் தாய் வீட்டை மறந்து தானே ஆளத் தொடங்கிவிடும் என்பதும் வரலாறு காட்டும் உண்மை. பொறியியலாளருக்கு வேலையில்லாத காலத்திலும் கணிதப் பிரிவு முதலிடத்திலேயே இருந்தது. க.பொ.த. உயர்தரத்துக்குப் பாடம் தெரியும் நாளில், பிரிவுகள் துறைகளாகக் கருதப்படவில்லை, படிகளாகக் கருதப்பட்டன. கணிதத்துக்கும் உயிரியலுக்கும் புள்ளி காணாதோர் வர்த்தகத்துக்கு. அதற்கும் காணாதோர் கலைக்கு. வரலாறும் தமிழும் எஞ்சியோர்க்கு எஞ்சிய பாடங்களாயின. விரும்பித் தமிழ் எடுத்த மாணவியிடம், "விஞ்ஞானம் கிடைக்கவில்லையா?" என்று உறவினர் கேட்பது வழக்கமாயிற்று. மொழிக்காக ஓர் இனம் இத்துணை விலைகொடுத்த காலத்திலேயே, அம்மொழியைக் கற்பது ஆற்றல் குறைந்தோர் செயலாகக் கணிக்கப்பட்டது. தமிழ்த்துறைகளுக்கு வரும் மாணவரிற் கணிசமானோர் இரண்டாந் தெரிவாக, சிலர் நான்காந் தெரிவாக வந்தோர் என்பதை அத்துறைகளிற் கற்பித்தோர் நன்கறிவர். அவ்வாறு வந்தோரிற் பலர் பின்னர் பாடத்தின்மீது உண்மையான பற்றுக்கொண்டனர் என்பதும் அவர்கள் அறிந்ததே. தெரிவுக்கு முன்னர் மட்டுமன்றி, தெரிவுக்குப் பின்னரும் மனப்பாங்கு பிறக்கும். வினாக்கொத்து ஆய்வுகள் இதனைப் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

2013 இல் க.பொ.த. உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. கைவேலையும் இயந்திரமும் விவசாயமும் கலந்த அதன் பாடங்கள் 1972 இன் தொழில்முன்னிலைப் பாடங்களுக்கு ஒருவகையில் உறவானவை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இப்பிரிவிலே சித்தியெய்துவோர்க்குப் பல்கலைக்கழகத்திலே தனியான பட்டநெறிகள் வகுக்கப்பட்டன. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற் பீடத்தின் அயலிலேயே தொழில்நுட்பப் பீடமும் அமைந்துள்ளது. பட்டம் என்ற கதவு திறந்திருந்தமையால் இம்முறை பெற்றோர் முன்போல் முகஞ்சுளிக்கவில்லை. மாணவரும் இப்பிரிவை நாடி வந்தனர். ஆனால் வகுப்பறையின் பேச்சுவழக்கிலே பழைய படிவரிசை அழியவில்லை; கணிதத்துக்கும் கலைக்கும் நடுவே தொழில்நுட்பத்துக்கு ஒரு படி புதிதாகக் கட்டப்பட்டிருக்கின்றது.